குறுக்குக்காற்றில் வால்சக்கர விமானம் தரையில் திசை பிறழ்ந்தால்: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்தில் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயில் நெருக்குண்டு, வேகம் கூடி, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் வட்டாரங்களின் மீது பரவுகிறது. அந்த ஊர்களில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கு எது காரணமோ, அதுவே கொங்கு நாட்டில் சிறிய விமானத்தைத் தரையிறக்குபவர் முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது. பீளமேட்டில் உள்ள கோவை விமான நிலையத்தின் ஓடுபாதை 05/23; சேலத்தை அடுத்த காமலாபுரத்தின் ஓடுபாதை 04/22. இந்த எண்கள் ஓடுபாதையின் திசையைப் பத்து டிகிரிக் கணக்கில் சொல்பவை; 23 என்றால் 230 டிகிரி. காற்று 260 டிகிரியிலிருந்து 20 நாட் (மணிக்கு 20 கடல்மைல்) வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொண்டால், கோவையில் 23-ஆம் ஓடுபாதையில் இறங்கும்போது கோணம் 30 டிகிரி. காற்றில் பாதி, அதாவது 10 நாட், வலப்பக்கத்திலிருந்து குறுக்கே அடிக்கும். காமலாபுரத்தில் 22-இல் கோணம் 40 டிகிரி ஆவதால் அதே காற்று ஏறத்தாழ 13 நாட் குறுக்குக்காற்றாகிறது. இந்தக் கட்டுரை முழுவதும் காற்று வலப்பக்கத்திலிருந்து வருவதாகவே கொண்டு எழுதுகிறேன். இடப்பக்கத்திலிருந்து வந்தால் எஞ்சினின் இழுப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும்.

செஸ்னா 172-இன் கையேடு 15 நாட், 152-இன் கையேடு 12 நாட் குறுக்குக்காற்றில் இறக்கிக் காட்டப்பட்டதாகக் குறிப்பிடுகின்றன. வால்சக்கர விமானங்கள், அதாவது முன்னால் இரண்டு முதன்மைச் சக்கரங்களும் வாலுக்கு அடியில் ஒரு சிறு சக்கரமும் கொண்டவை, பலவும் பழைய சான்றளிப்பு விதியின்கீழ் வந்தவை. அமெரிக்கச் சான்றளிப்பு விதி கேட்ட குறைந்தபட்சக் குறுக்குக்காற்று, இறங்கும் நிலையில் அந்த விமானம் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும், வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. 40 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானத்துக்கு அது 8 நாட். மேலே சொன்ன சாதாரணப் பருவக்காற்று நாளே அந்த அளவைத் தாண்டிவிடுகிறது என்பதை மனத்தில் கொண்டு தொடர வேண்டும்.

விடுதலைக்குப் பிந்தைய தலைமுறையினர் 1951-இல் முதலில் பறந்த எச்டி-2, 1958-இல் முதலில் பறந்த புஷ்பக் போன்ற வால்சக்கர விமானங்களில் கற்றார்கள். இன்று நம் மாணவர்கள் பெரும்பாலும் மூக்குச்சக்கர விமானத்தில் கற்று, பின்னர் வெளிநாட்டிலோ வேறிடத்திலோ வால்சக்கர விமானத்தில் ஏறுகிறார்கள். அமெரிக்காவில் 1991 ஏப்ரல் 15-க்கு முன்பே அத்தகைய விமானத்தைத் தலைமை விமானியாக ஓட்டியிராதவர் அனைவரும் தனிப் பயிற்சி பெற்று, பயிற்றுநரின் ஒப்புதலைப் பதிவேட்டில் பெற வேண்டும் என்ற விதி இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே தவற்றுக்கு இரண்டு விமானங்களும் நேர் எதிரான விளைவைத் தருகின்றன.

முதலில் பிரித்தறிய வேண்டியது

விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை ஒவ்வொரு தரையிறக்கத்துக்குப் பிறகும் காற்றின் திசையோடு சேர்த்து எழுதி வையுங்கள். காற்று மாறும்போது திரும்பும் பக்கமும் மாறினால் காரணம் ஓட்டும் முறையில் இருக்கிறது. காற்று எங்கிருந்து வந்தாலும், காற்றே இல்லாத விடியற்காலையிலும், ஒரே பக்கமாக இழுத்தால் காரணம் பெரும்பாலும் சக்கரம், பிரேக், வால்சக்கரம் ஆகியவற்றில் இருக்கிறது. இந்த ஒரு பிரிவினையைச் செய்யாமல் தொழிற்கூடத்துக்கும் பயிற்றுநருக்கும் மாறி மாறி அலைபவர்களுக்கு விடை கிடைப்பதில்லை.

அறிகுறி: சக்கரம் தரையைத் தொட்ட நொடியிலேயே மூக்கு காற்றை நோக்கித் திரும்புகிறது

எல்லா அறிகுறிகளிலும் இதுவே முதன்மையானது. இதன் காரணம் தரையைத் தொடுவதற்கு முந்தைய இரண்டு மூன்று நொடிகளில் இருக்கிறது. வால்சக்கர விமானத்தில் எடை மையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் அமைந்துள்ளது. மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஓடுபாதையின் நேர்கோட்டில் வந்து, அந்தக் கோணத்தை நீக்காமலேயே தொட்டால், டயர்கள் பக்கவாட்டில் உராய்ந்து, அந்த உராய்வு விசை எடை மையத்துக்கு முன்னால் செயல்படுகிறது. எடை மையம் தான் வந்த திசையிலேயே செல்ல முயல, சக்கரங்கள் மூக்கை மேலும் காற்றின் பக்கம் இழுக்கின்றன. திரும்பும் கோணம் கூடக் கூட இழுப்பும் கூடுகிறது. ட்ராக்டரில் பூட்டிய ட்ரெய்லரைப் பின்னோக்கித் தள்ளும்போது சிறிய கோணல் தானாகவே பெரிய மடிப்பாக வளர்வது போன்றது இது. மூக்குச்சக்கர விமானத்தில் எடை மையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால், அதே கோணலோடு தொட்டாலும் அது தன்னைத் தானே நேராக்கிக்கொள்ளும். டயர் தேய்வதோடு கதை முடிந்துவிடுவதால், தவறு நடந்ததே மாணவருக்குத் தெரிவதில்லை.

மூக்கு நேராக இருந்தும் விமானம் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே தொட்டால் விளைவு இதேதான். வலப்பக்கக் காற்று விமானத்தை இடப்பக்கம் தள்ளுகிறது. டயர்கள் அந்த நகர்வை எதிர்த்து வலப்பக்கம் விசை தருகின்றன. மூக்கு வலப்பக்கம், அதாவது காற்றை நோக்கி, திரும்புகிறது. வாலின் செங்குத்துப் பரப்பும் காற்றாடியைப் போல மூக்கைக் காற்றின் பக்கமே திருப்புவதால், இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன.

தீர்வு, ஓடுபாதையை நெருங்கும் இறுதிக் கட்டத்திலேயே இரண்டு வேலைகளையும் பிரித்துக் கொடுப்பது. நகர்வை நிறுத்துவது, இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகையான ஐலரானின் வேலை: வலது இறக்கையைத் தாழ்த்தி, விமானம் நடுக்கோட்டை விட்டு எந்தப் பக்கமும் நழுவாத அளவுக்குச் சாய்க்க வேண்டும். மூக்கை ஓடுபாதைக்கு இணையாக வைப்பது, வாலில் பெடலால் இயங்கும் திசைப்பலகையான ரடரின் வேலை: அதற்கு இடது பெடல். நழுவுகிறதா என்ற கேள்விக்கு ரடராலும், கோணலாக இருக்கிறதா என்ற கேள்விக்கு ஐலரானாலும் விடை சொல்ல முயல்வதுதான் பழக்கமில்லாதவர்களிடம் காணும் குழப்பம். இந்தச் சாய்வை ஓடுபாதையின் மேல் வந்த பிறகு அமைக்காமல், குறைந்தது கடைசி 200, 300 அடி உயரத்திலேயே அமைத்துவிடுவது நல்லது. அப்போதுதான் ரடர் போதுமா என்பது உயரம் இருக்கும்போதே தெரியவரும். இடது பெடலை முழுவதும் மிதித்தும் மூக்கு வலப்பக்கமே நிற்கிறது என்றால், அன்றைய காற்று அந்த விமானத்தின் அளவை மீறிவிட்டது. அந்த ஓடுபாதையில் இறங்கக் கூடாது. இந்தச் சோதனையின் முடிவுக்குக் கட்டுப்படுவதில் சமரசம் வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன்.

தொடும்போது வலது சக்கரம் முதலில் தொட வேண்டும். வால் தாழ்ந்த நிலையில் இறங்கும் மூன்று புள்ளித் தரையிறக்கத்தில் வலது சக்கரமும் வால்சக்கரமும் ஏறத்தாழ ஒன்றாகத் தொடும். இடது சக்கரம் பின்னர் தானே இறங்கும்.

அறிகுறி: தொட்டபோது நேராக இருந்தது, வேகம் குறையும்போது திரும்பிவிட்டது

விமானி மகிழ்ச்சியோடு மூச்சு விடும் நேரத்தில் நிகழ்வது இது. வேகம் குறையக் குறைய ரடர் மீது பாயும் காற்று வலுவிழக்கிறது. வால்சக்கரத்தின் பிடி இன்னும் முழுமையாகவில்லை. ஆனால் குறுக்குக்காற்று குறையவில்லை. இந்த இடைவெளியில்தான் வால் காற்றுக்கு இரையாகிறது.

மூன்றைச் சோதியுங்கள். முதலாவது, கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோலான ஸ்டிக். வால்சக்கரம் தரையைத் தொட்ட பிறகு ஸ்டிக் வயிற்றோடு ஒட்டி முழுவதும் பின்னால் இருந்ததா? பல விமானங்களில் வால்சக்கரம் விற்சுருள்கள் வழியாக ரடரோடு இணைந்து திரும்புகிறது; அதன் மேல் எடை அழுந்தவில்லை என்றால் அது தரையை வருடிச் செல்லுமே தவிர விமானத்தைத் திருப்பாது. சிலவற்றில் ஸ்டிக்கைப் பின்னிழுத்தால்தான் வால்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, ஐலரான். தொட்ட நொடியில் இருந்த வலப்பக்கச் சாய்வு, வேகம் குறையும்போது நடுவுக்கு வந்துவிட்டதா? வர வேண்டியது நேர்மாறாக: வேகம் குறையக் குறைய ஐலரானின் வலு குறைவதால், ஸ்டிக் படிப்படியாக வலப்பக்கம் முழு அளவுக்குச் சென்றிருக்க வேண்டும். இதில் பலர் கவனிக்காத இரண்டாவது பயனும் உண்டு. ஸ்டிக் வலப்பக்கம் போகும்போது இடது இறக்கையின் ஐலரான் கீழே இறங்கி அந்தப் பக்கத்தில் இழுவையைக் கூட்டுகிறது; அது மூக்கை இடப்பக்கம், அதாவது காற்றுக்கு எதிர்ப்பக்கம், இழுத்து ரடருக்குத் துணை நிற்கிறது. மூக்கு வலப்பக்கம் திரும்பத் தொடங்கியவுடன், காரோட்டிப் பழகிய கை ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால், இந்த உதவி முழுவதும் எதிரியாக மாறுகிறது: வலது ஐலரான் இறங்கி, வலது இறக்கை தூக்கப்பட்டு, இழுவையும் அதே பக்கம் கூடி, திரும்புதல் விரைவுபடுகிறது. விபத்தில் முடிந்த திரும்புதல்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கால்களைக் குறை சொல்கிறார்கள். கையையும் விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது, கால்கள். அவை ஓய்ந்துவிட்டனவா? ஓடுபாதையின் கடைக்கோடியைப் பார்த்து, மூக்கு அசைவதற்கான முதல் அறிகுறியிலேயே சிறிதாக மிதித்து, மூக்கு நின்றவுடன் விடுவிக்க வேண்டும். பார்வை மூக்குக்கு அருகில் தங்கிவிட்டால், திரும்புதல் கண்ணுக்குத் தெரியும் முன்பே பெரிதாகிவிடும்.

அறிகுறி: இடமும் வலமுமாக ஆடி, ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதை விடப் பெரிதாகிறது

இங்கே கால்கள் உழைக்கின்றன, ஆனால் தாமதமாகவும் மிகையாகவும். மூக்கு திரும்பி நிற்கும் கோணத்தைப் பார்த்துப் பெடலை மிதிக்காமல், அது திரும்பும் வேகத்தைப் பார்த்து மிதிக்க வேண்டும். திரும்புதல் நின்ற கணமே பெடலை நடுவுக்குக் கொண்டுவராவிட்டால் அடுத்த ஆட்டத்தை நீங்களே தொடங்கி வைக்கிறீர்கள். நடுக்கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இணையாக ஓடுவதில் கேடில்லை. நடுக்கோட்டைத் திரும்பப் பிடிக்க ஆசைப்பட்டு மூக்கைத் திருப்புவதில்தான் கேடு தொடங்குகிறது.

அறிகுறி: துள்ளி எழுந்து, பக்கவாட்டில் நகர்ந்து, மீண்டும் விழுகிறது

கீழ்நோக்கி இறங்கும் வேகம் மிகுதியாக இருக்கும்போது முதன்மைச் சக்கரங்கள் தொட்டால், அவற்றுக்குப் பின்னால் உள்ள எடை தொடர்ந்து கீழே செல்வதால் வால் தாழ்கிறது, எதிர்வரும் காற்றோடு இறக்கை அமைக்கும் தாக்குகோணம் கூடுகிறது, விமானம் மீண்டும் எழுகிறது. எழுந்த விமானத்தைக் காற்று உடனே இடப்பக்கம் தள்ளத் தொடங்கும். துள்ளிய அதிர்ச்சியில் வலப்பக்கச் சாய்வைக் கைவிட்டவர், இரண்டாம் முறை நகர்வோடு தொடுவார். அதன் விளைவு முதல் அறிகுறியில் சொல்லப்பட்டதே. துள்ளல் சிறிதென்றால், சாய்வையும் இடது பெடலையும் மீட்டெடுத்து, சற்றே த்ராட்டில் (எஞ்சின் விசை) கொடுத்து மீண்டும் இறக்கலாம். பெரிதென்றால் தயங்காமல் கோ-அரவுண்ட், அதாவது இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலே ஏறிச் செல்வது.

அந்தக் கோ-அரவுண்டிலும் ஒரு பொறி இருக்கிறது. இடது பெடலை மிதித்து வைத்திருக்கும் நிலையில் த்ராட்டிலை முழுவதும் திறந்தால், விமானி இருக்கையிலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழலும் எஞ்சின், அமெரிக்க எஞ்சின்களில் பெரும்பாலானவை அப்படித்தான், மூக்கை இடப்பக்கம் இழுக்கும். மிதித்திருந்த பெடலும் அதே பக்கம். விமானம் ஓடுபாதையை விட்டு இடப்பக்கம் பாயும். த்ராட்டில் முன்னே செல்லும்போதே இடது பெடலைத் தளர்த்தி வலது பெடலுக்கு மாற வேண்டும். கிப்ஸி மேஜர் எஞ்சின் கொண்ட டைகர் மாத்தில் சுழற்சி எதிர்த்திசை; அதில் இழுப்பு வலப்பக்கம் வரும்.

மிகை வேகமும் துள்ளலுக்குக் காரணமாகலாம். காற்று 20 நாட், வீச்சில் 30 நாட் என்றால், வித்தியாசத்தில் பாதியான 5 நாட் அளவை அணுகு வேகத்தில் கூட்டினால் போதும். அச்சத்தில் 15 கூட்டுபவர் தரைக்கு மேல் மிதந்துகொண்டே காற்றுக்கு நேரம் கொடுக்கிறார். கோவை விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. வெப்பநிலை 33 டிகிரி செல்சியஸ் இருக்கும் பிற்பகலில், வேகமானி வழக்கமான எண்ணையே காட்டினாலும் உண்மை வேகம் கடல்மட்டத்துத் தர நிலையை விட ஏறத்தாழ 6 விழுக்காடு கூடுதல். தரையில் அடக்க வேண்டிய இயக்க ஆற்றல் ஏறத்தாழ 12 விழுக்காடு கூடுதல்.

அறிகுறி: தரைக்கு அருகில் திடீரெனச் சாய்வு போதாமலோ மிகையாகவோ ஆகிறது

ஓடுபாதையின் காற்றுப்பக்கத்தில் ஹேங்கரோ, கட்டடமோ, தென்னந்தோப்போ இருந்தால் அதன் மறைவில் காற்று திடீரெனக் குறைந்து, மறைவைத் தாண்டியதும் திடீரென அடிக்கும். தொடும் இடத்தை அந்த மறைவுக்கு முன்போ பின்போ அமைத்துக்கொள்ளுங்கள். டவர் சொல்லும் காற்று 2 நிமிடச் சராசரி, மெட்டார் எனும் விமான நிலைய வானிலை அறிக்கையில் வருவது 10 நிமிடச் சராசரி என்பதால் நீங்கள் தொடும் நொடியின் காற்றை இரண்டுமே சொல்வதில்லை. காற்றின் திசையைக் காட்டும் காற்றுப்பை, அமெரிக்கத் தரப்படி செய்ததென்றால், 15 நாட் வேகத்தில் முழுவதும் விறைத்து நின்றுவிடும். அதற்கு மேல் 18-ஆ 28-ஆ என்பதை அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. பருவக்காற்று மாதங்களில் பயிற்சியைக் காலை நேரத்தில் வைத்துக்கொள்வது நம் பகுதியில் எளிதான, பயன் மிகுந்த பாதுகாப்பு. நிலம் சூடேறிய பிற்பகலில் காற்று வலுவும் வீச்சும் பெறுகிறது.

இந்த வீச்சுக் காற்றில் வால் உயர்ந்த நிலையில் இரண்டு முதன்மைச் சக்கரங்களில் இறங்குவதா, மூன்று புள்ளியில் இறங்குவதா என்ற விவாதம் பழையது. முதல் முறையில் தொடும்போது வேகம் கூடுதல், ரடர் வலுவானது, முன்பார்வை தெளிவு. ஆனால் வாலை இறக்கும் இடைவெளி பின்னர் வந்தே தீரும்; அந்த இடைவெளியில் வாலை ஊசலாட விடாமல், ரடர் இன்னும் கேட்கும்போதே உறுதியாக இறக்கி ஸ்டிக்கைப் பின்னால் அழுத்த வேண்டும். என் கணிப்பில், வால்சக்கரம் நன்றாகப் பிடிக்கும் விமானத்தில் புதியவருக்கு மூன்று புள்ளி முறையே ஏற்றது. கைதேர்ந்தவர் இரண்டையும் பழகி வைத்திருக்க வேண்டும்.

அறிகுறி: காற்று இல்லாதபோதும் ஒரே பக்கம் இழுக்கிறது, அல்லது வால் கிடுகிடுவென ஆடுகிறது

ஒரே பக்கம் இழுத்தால் இரு டயர்களின் காற்றழுத்தத்தையும், ஒரு பிரேக் விடாமல் பிடிக்கிறதா என்பதையும், வால்சக்கர விற்சுருள்களின் நீளம் இரு பக்கமும் சமமா என்பதையும் பாருங்கள். முதன்மைச் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கி ஒடுங்கியிருந்தால், திரும்பும்போது எடை ஏறும் வெளிச் சக்கரம் திரும்பும் பக்கமே நோக்கி நின்று பிறழ்ச்சியை வளர்க்கும். வால் ஆடினால், வால்சக்கரத்தைத் தாங்கும் தட்டை வில் தளர்ந்து இறங்கியிருக்கிறதா பாருங்கள். வில் தளரும்போது வால்சக்கரத்தின் சுழலச்சு மேல்முனை முன்பக்கம் சாய்கிறது, அந்தச் சாய்வு ஆட்டத்தைத் தூண்டுகிறது. தார் ஓடுபாதையில் இவை அனைத்தும் கூர்மையாகத் தெரியும். புல்தரையில் டயர் வழுக்கிக் கொடுப்பதால் மறைந்திருக்கும்.

அறிகுறி: திரும்புதல் கையை மீறிவிட்டது

மூக்கு வலப்பக்கம் பாய்ந்துகொண்டிருக்கிறது. எடை வெளிப்பக்கம் தள்ள, காற்று வலது இறக்கையைத் தூக்க, இடது இறக்கை தாழ்கிறது. தொடக்க நொடியில் முழு இடது ரடர், ஸ்டிக் முழுவதும் பின்னாலும் வலப்பக்கத்திலும், தேவையானால் இடது பிரேக் சிறிதளவு. ஓடுபாதை நீளம் மிச்சமிருந்து, கோணம் சிறிதாக இருக்கும்போது ஒரு குறுகிய த்ராட்டில் வீச்சு ரடருக்கு உயிர் தரலாம். வால் தூக்கிய நிலையில் பிரேக்கை அழுத்தினால் மூக்கு குத்திக் கவிழும் என்பதால் அந்நிலையில் பிரேக் கூடாது. கோணம் பெரிதாகிவிட்ட பின் த்ராட்டிலை மூடி, ஸ்டிக்கைப் பின்னால் வைத்து, விமானம் நிற்கும் வரை இருப்பதே வழி. சுழலும்போது பறந்து தப்ப முயல்வது எளிய சேதத்தைக் கொடிய விபத்தாக்கும்.

நின்ற பிறகு மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவைக் கட்டுப்பாடு), இக்னிஷன், எரிபொருள் ஆகியவற்றை மூடி வெளியேறுங்கள். வெளியில் கீறல் மட்டுமே தெரிந்தாலும் இடது இறக்கை நுனி, இறக்கையின் உள்ளே ஓடும் முதன்மைக் கம்பம், லேண்டிங் கியர் உடலோடு சேரும் இடம், வால்சக்கர வில் ஆகியவற்றை உரிமம் பெற்ற பொறியாளர் சோதிக்காமல் பறக்கக் கூடாது. புரொபெல்லர் தரையைத் தொட்டிருந்தால் எஞ்சின் தயாரிப்பாளர் விதித்த உட்சோதனை முடியும் வரை அந்த எஞ்சினைக் கையால்கூடச் சுழற்றாதீர்கள்.

அறிகுறி: டாக்ஸி செய்யும்போது (தரையில் ஊர்ந்து செல்லும்போது) வால் அலைக்கழிகிறது

காற்று முன்பக்க வலத்திலிருந்து வந்தால் ஸ்டிக் வலப்பக்கமும் பின்னாலும். பின்பக்க வலத்திலிருந்து வந்தால் இடப்பக்கமும் முன்னாலும். ஓடுபாதையிலிருந்து டாக்ஸிவேக்குத் திரும்பும்போது காற்றின் பக்கம் மாறிவிடுவதால், திருப்பத்தின் நடுவிலேயே கையும் மாற வேண்டும். 20 நாட் காற்றில் இறக்கை நுனிகளைப் பிடித்து நடக்க இருவர் கிடைத்தால் அழைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திய இடத்தில் மூக்கைக் காற்றை நோக்கி வைத்து, இறக்கைகளையும் வாலையும் கயிற்றால் கட்டி, ஸ்டிக்கை அசையாமல் பூட்டிய பிறகே விமானத்தை விட்டு விலகுங்கள்.